பெயர் இல்லாத பனியன்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன் கன்னையா. பக்கத்துச் சீனப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் கூடைப்பந்துக்கு ஆள் குறைந்தால் அவனைச் சேர்த்துக்கொள்வார்கள். அப்படித்தான் பழகினான். 1984இல் கிள்ளானில் ஒரு தனியார் கல்லூரி டீமுக்குக் கேப்டனாகவும் ஆனான்.

அந்த வருஷ லீக்கில் ஆடிய ஆட்டமெல்லாம் தோல்வி. பாதி சீசனில் பிரின்சிபல் ராதாகிருஷ்ணன் டீமை விலக்கிக்கொள்ளப் போவதாகச் சொன்னார். கல்லூரியின் பெயர் கெடுகிறதாம். கன்னையா அவர் அறைக்குப் போய் நின்றான்.

"தோத்தா திட்டுங்க சார். பாதியில ஓடிப்போகச் சொல்லாதீங்க."

ஆடுவதானால் கல்லூரிப் பெயரைச் சொல்லி ஆடக்கூடாது என்றார் அவர். ஜெர்சிகளைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ஜிம்முக்குப் பூட்டு விழுந்தது. லீக் செயலாளர் மட்டும், ஆட்கள் மாறாதவரை தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார்.

மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் கன்னையா வெள்ளைப் பனியன்கள் வாங்கிவந்தான். அவன் அம்மா நல்லம்மாள் கறுப்புத் துணியில் எண்களை வெட்டித் தைத்தார். ஒரு ஏழு தலைகீழாகப் போய்விட்டது. கூட ஆடும் லிம் அதைத்தான் போட்டுக்கொள்வேன் என்று அடம்பிடித்தான். பயிற்சிக்கு அந்தப் பழைய சீனப் பள்ளிக்கூடத்தின் சிமெண்டுத் தரை இருந்தது. மழை பெய்தால் தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டு ஆடினார்கள்.

முதலில் மறுபடியும் தோற்றார்கள். எந்த ஊர் டீம் இது என்று ஜனங்கள் சிரித்தார்கள். பிறகு செராஸில் நடந்த ஆட்டத்தில், வீங்கிய கணுக்காலோடு கன்னையா கொடுத்த பந்தை லிம் கடைசி நிமிஷத்தில் கூடையில் போட, ஒரு புள்ளியில் ஜெயித்தார்கள். அடுத்த ஆட்டமும் அவர்களுக்கே. பத்திரிகையில்கூடப் பெயரில்லாத டீம் என்று போட்டார்கள்.

கடைசி ஆட்டத்துக்கு ராதாகிருஷ்ணனே போட்டோகிராபரோடு வந்தார். கையில் அந்தப் பழைய ஜெர்சிகள். போட்டுக்கொள்ளலாம், அடுத்த வருஷம் ஜிம் வேண்டாமா என்று லிம் மலாயில் கிசுகிசுத்தான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கன்னையா பிரின்சிபல் பக்கம் திரும்பினான்.

"தோத்தப்ப உங்க பேரு எங்களுக்கு இல்ல சார். இப்பவும் வேணாம்."

யாரும் ஜெர்சியைத் தொடவில்லை, லிம்கூட. அன்றைக்கு நன்றாகவே தோற்றார்கள்.

அடுத்த வருஷம் ஜிம் திறந்தது. கேப்டன் வேறு ஆள். கன்னையாவைப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள், தானாகவே போய்விடுவான் என்று. அவன் போகவில்லை. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முதல் ஆளாக வந்து, ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கோச் கண்ணில் படும் இடத்தில் உட்கார்ந்தான்.