இயந்திரத்தில் பழுதில்லை

எங்கள் கட்டடத்துக்கு எதிரே, பேருந்துத் தரிப்பிடத்தில் நிற்கும் பயணச்சீட்டு இயந்திரம் ஒருநாளும் பழுதாகவில்லை. பழுது என்று சொன்னவன் நான். பொய் சொன்னேன்.

நீங்கள் சுவிஸில், இந்த டீட்டிகோன் நகரில், எங்கள் பக்கம் இருப்பவரானால் அந்தக் கதையைக் கேட்டிருப்பீர்கள். அது காசை விழுங்கும், பிழையான சீட்டைத் துப்பும் என்று... அதை அவிழ்த்துவிட்டவன் நான்தான்.

அந்தத் தகரப் பெட்டியை எனக்கு எப்போதும் பிடிக்காது. பனியிலும் மழையிலும் அசையாமல் நின்று, ஆட்களைக் கேள்வி கேட்கும் திமிர்! ஆனால் இந்த நாட்டில் இருபத்திரண்டு வருடங்களாக இருக்கும் நான் அதில் ஒருமுறைகூட எனக்கென்று சீட்டு எடுத்ததில்லை. களஞ்சியத்தில் வேலை, பையில் மாதப் பயண அட்டை. தெரியாத பொருளை இகழ்வதற்கு என்ன படிப்பு வேண்டும்?

மூன்றாம் மாடியில் சுகந்தி இருக்கிறாள். வந்து இரண்டு வருடம். அன்று காலை ஒரு முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் அவளை ஒருநாள் வேலை செய்து பார்க்க அழைத்திருந்தார்கள். பிடித்தால் நிரந்தரம். இரவல் சப்பாத்தும் சாப்பாட்டுப் பெட்டியுமாக, நான் நின்ற தரிப்பிடத்துக்கு வந்தாள்.

"அண்ணை, இதில எப்பிடி எடுக்கிறது? நான் எப்பவும் இவரோடதானே போறனான்."

'எனக்கும் தெரியாது' என்று சொல்லியிருக்கலாம். மூன்று சொற்கூட இல்லை!

"விடுங்கோ தங்கச்சி, நான் எடுத்துத் தாறன்" என்றேன்.

கூச்ச சுபாவம் உள்ளவன் பணிவானவன் என்று நினைக்கிறீர்களா? என்னை நம்பாதீர்கள். என் கூச்சத்துக்குள் கல்லுப்போல ஒரு கர்வம் கிடந்தது.

திரையில் எழுத்துகள் நெருக்கியடித்தன. பின்னால் ஒரு சுவிஸ் கிழவி சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு பெருமூச்சு விட்டாள். என் கழுத்து வியர்த்தது. முழுக் கட்டணமா, அரைக் கட்டணமா என்று இயந்திரம் கேட்டது. அரை என்பது சலுகை அட்டை வைத்திருப்பவர்களுக்கு. அதை யோசிக்காமல் அரையில் அமத்தினேன். 'சலுகைக் கட்டணம், சரியா?' என்று மறுபடியும் கேட்டது. சரி என்று அமத்தினேன். அந்தக் கிழவியிடமிருந்து தப்பினால் போதும் என்று இருந்தது.

அந்தத் தகரப் பெட்டி என்னிடம் இரண்டு முறை கேட்டது...

இருவரும் ஒரே பேருந்தில் ஏறினோம். அடுத்த தரிப்பிடத்தில் பரிசோதகர்கள் ஏறினார்கள். ஒருவன் சுகந்தியின் சீட்டைப் பார்த்துவிட்டுச் சலுகை அட்டையைக் கேட்டான். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணை, என்ன கேக்கிறான்? சொல்லுங்கோவன், நீங்கள்தானே எடுத்துத் தந்தனீங்கள்!"

அவன் என்னைப் பார்த்தான். இருவரும் ஒன்றாக வந்தவர்களா என்று ஜெர்மன் மொழியில் கேட்டான். பேருந்து முழுவதும் என்னைப் பார்த்தது.

"இல்லை. இந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது."

இருபத்திரண்டு வருடத்தில் நான் பிழையில்லாமல் பேசிய ஒரே ஜெர்மன் வசனம் அதுதான்!

அபராதம் விதிக்க விபரம் எழுதுவதற்காக அவளை அடுத்த தரிப்பிடத்தில் இறக்கினார்கள். நான் இறங்கவில்லை. சாப்பாட்டுப் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி அவள் நின்றதைப் பார்த்துக்கொண்டே போனேன். சலவைக்கூடத்துக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது, முதல்நாளே பிந்தி வருகிறவர் தேவையில்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மாலையில் என் கதவைத் தட்டினாள். கண்கள் சிவந்திருந்தன.

"அவன் உங்களிட்ட என்ன கேட்டவன் அண்ணை?"

"மிசினைப் பற்றித்தான். அது பழுது, பிழையான ரிக்கற் தாறது எண்டு சொன்னனான். அவன் நம்பேல்லை."

"பாவம்... என்னால உங்களுக்கும் கரைச்சல்" என்றாள்.

என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்! நானும் 'பரவாயில்லை' என்றேன். எவ்வளவு பெருந்தன்மை பாருங்கள்!

கதை மாடி மாடியாக ஏறியது. கீழ்வீட்டு ஞானம் அண்ணை, தானும் ஒருமுறை அதனிடம் ஏமாந்ததாகச் சத்தியம் செய்தார். "சுவிஸ்காரன்ர மிசினும் எங்கட ஊர் ரோட்டு லைற் மாதிரி வந்திட்டுதடா!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஒரே ஒருமுறை, அதுவும் பிழையாக, அதில் கைவைத்த என்னை இயந்திரங்களைப் பற்றிக் கருத்துக் கேட்டார்கள். நானும் சொன்னேன்!

தெருவோர இயந்திரங்களை நம்பலாமா என்று நீங்கள் கேட்டால்... சொன்னதைச் செய்யும். ஐயம் வந்தால் திருப்பிக் கேட்கும். அவளுக்கு அருகில் அன்று அதுவும் நானும் நின்றோம். அவள் நம்பியது என்னை.

சுகந்தி இப்போது ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை செய்கிறாள். அந்தப் பெட்டியில் அவள் சீட்டு எடுப்பதில்லை. புகையிரத நிலையத்தில் ஆள் இருந்து சீட்டு விற்கும் கருமபீடம் வரைக்கும் கால்மணி நேரம் நடந்துபோய் எடுக்கிறாள்.

போன கிழமை மழையில் பேருந்துக்காக நின்றிருந்தேன். எங்கள் கட்டடத்துக்குப் புதிதாக வந்த ஒரு தமிழ்ப் பெண் இயந்திரத்தின் முன்னால் காசோடு நின்றாள். சுகந்தி ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள்.

"ஐயோ, இதில எடுக்காதேங்கோ! இது ஆக்களை மாட்டிவிடும். வேணுமெண்டால் அண்ணையைக் கேளுங்கோ."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். இயந்திரத்தின் திரை என் தோளுக்குப் பக்கத்தில் வெளிச்சமாக எரிந்தது. இப்போதாவது... இப்போதாவது சொல்லமாட்டேனா?

"ஓம்" என்றேன். "பழுதுதான்."

ஒரு குடைக்குள் இருவரும் நிலையத்தை நோக்கி நடந்தார்கள். என் பேருந்து வந்தது. ஏறினேன்.