பெயர் சொல்லாமல் கொடுத்த பந்து

அவன் பந்தைக் கீழே இறக்கும்போதெல்லாம் நான் அதைத் தட்டிவிட வேண்டும். மாஸ்டர் எனக்குக் கொடுத்திருந்த வேலை அது. எங்கள் கூடைப்பந்து அணியின் சென்டர் அவன்; வளையத்துக்கு அடியில் நின்று வலப்பக்கம் ஒரு முறை, இடப்பக்கம் ஒரு முறை என்று மாற்றி மாற்றிப் பந்தைப் போடுவான். வளையத்தில் விழும் பந்தைத் தரை தொடும் முன்பே பிடித்து மறுபடி போட வேண்டும். அப்படிப் பிடித்ததும் அவன் கைகள் பழக்கத்தில் இடுப்புக்கு இறங்கும். அவன் காலடியில் குந்தியிருக்கும் நான் எழுந்து ஒரே தட்டில் பந்தைப் பறித்துவிடுவேன். மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார். "ஒசரமா பொறந்துட்டு ஏண்டா கீழ எறக்கி அந்தக் குள்ளன்கிட்ட குடுக்கற? அவன் வூட்டு சொத்தா அது?" சென்டர் சிரிக்க மாட்டான். பந்தை எடுத்துவந்து மறுபடி ஆரம்பிப்பான். அந்த மழைக்காலத் தொடக்கம் முழுவதும் எங்கள் மாலைகள் இப்படித்தான் போயின.

ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு. தேதி விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். பழைய காலத்தைப் பேசுகிறவர்கள் "அது ஒரு எண்பத்தஞ்சு, எண்பத்தாறு இருக்கும்" என்று சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்தி, எந்தத் தேர்தலுக்கு முன்பு, எந்த வெள்ளத்துக்குப் பின்பு என்று கேட்பேன். இதில் அந்தக் குழப்பமே இல்லை. இடஒதுக்கீடு கேட்டு வடமாவட்டங்களில் சாலைகளை ஒரு வாரம் மறித்த செப்டம்பர் மாதம் அது. கள்ளக்குறிச்சி அப்போது தென்னாற்காடு மாவட்டத்தில் ஒரு தாலுகா. கடைத்தெருவில் என் அத்தா இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். நான் பள்ளி அணியில் பந்தை முன்னால் கொண்டுபோகிற கார்டு. உயரம் இல்லாதவனுக்கு வேறு இடம் கிடையாது.

அணியில் உயரமானவர்கள் இருவர். ஒருவன் சென்டர். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு இப்பால் உள்ள ஒரு சிற்றூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தான். மலையில் வீட்டு வாசல்கள் தாழ்வானவை. குனிந்து குனிந்தே வளர்ந்ததால் நிமிர்ந்து நிற்கவே அவனுக்குத் தனிப் பயிற்சி தேவைப்பட்டது. இன்னொருவன் ஃபார்வர்டு. மலையடிவாரத்து வடக்கனந்தலில் நிலபுலம் உள்ள குடும்பம். மலைக்காரன் வருவதற்கு முன்பு வளையத்தடி அவனுடைய இடம்தான். தன்னைவிட உயரமானவன் வந்ததும் அவன் இரண்டு எட்டு வெளியே, ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு வர வேண்டியதாயிற்று. அதை அவன் மனத்தாங்கலாக எடுத்துக்கொள்வான் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அவனோ அங்கே வந்த முதல் வாரத்திலேயே, "உள்ள முதுக காட்டிக்கினு நின்னா எவன் வரான் எவன் போறான்னு ஒண்ணும் தெர்ல மச்சான். இங்கேர்ந்து பாத்தா எல்லாம் தெரியிது" என்று என்னிடம் சொன்னான். சிலருக்குக் கொடுக்கிற கை. தனக்கு அது இருப்பதை அவன் அந்தக் கோட்டில் நின்றுதான் தெரிந்துகொண்டான்.

மாஸ்டருக்கு எங்களைவிடப் பத்து வயது அதிகம் இருந்தால் பெரிது. உயரமான பையன்களை வளர்ப்பதில் அவருக்குத் தனி ஆசை. வேகமான பையன் எந்தத் தெருவிலும் கிடைப்பான், வளர்ந்தவன் வந்தால் பயிர் மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பார். ஒரு காலை ஊன்றி மறுகாலால் சுழல்வதற்காகச் சுண்ணாம்பில் வட்டம் போட்டு, ஊன்றிய குதிகால் வட்டத்தைத் தாண்டக் கூடாது என்று மணிக்கணக்கில் திரும்பச் சொல்வார். ஓட்டத்தைவிட அவர்களுக்குக் கயிறு தாண்டும் பயிற்சியே அதிகம். எல்லாவற்றுக்கும் மேலாக அவர் நம்பியது பேச்சை. ஆடுகளத்தில் வாய் மூடியிருப்பது அவருக்குக் குற்றம். பந்து கொடுப்பவன் வாங்குபவனின் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும். வளையத்துக்கு முதுகு காட்டி நிற்பவனுக்குக் கண் பின்னால் இல்லை, கூட்டாளியின் குரல்தான் கண் என்பது அவர் பாடம். நல்ல பாடம்தான். எங்கள் எல்லோருக்கும் அது பலித்தது.

சென்டருக்கு மட்டும் பலிக்கவில்லை. தனியாகப் பயிற்சி செய்யும்போது அருமையாகப் பிடிப்பான். ஆட்டத்தில், அவன் எம்பும் நேரத்தில் நாங்கள் பெயரைச் சொல்லிக் கத்தினால் உடம்பு ஒரு கணம் விறைத்துவிடும். பந்து விரல் நுனியைத் தொட்டு நழுவும். நாங்கள் இன்னும் உரக்கக் கத்தினோம். அவன் இன்னும் நழுவவிட்டான். காது மந்தம் என்றான் ஒருவன். பயம் என்றான் இன்னொருவன். விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கக் கடலூரிலிருந்து தேர்வாளர்கள் வந்து எங்கள் மைதானத்திலேயே ஒரு ஆட்டம் பார்ப்பதாக இருந்தது. அதில் தேறாவிட்டால் மகனைத் திருப்பி அழைத்துக்கொள்வதாகச் சென்டரின் அப்பா சொல்லிவிட்டிருந்தார். வீட்டில் ஆள் குறைவு, காட்டு வேலை அதிகம். ஆக, நழுவிய ஒவ்வொரு பந்தோடும் அவன் படிப்பும் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டிருந்தது.

அந்த நிலையில்தான் சாலை மறியல் வந்தது. அறிவிப்பு வந்ததுமே விடுதியை மூடிப் பையன்களை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வாரத்தில் பல ஊர்களில் உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன. அவற்றை எழுத வேண்டியவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் பார்த்தது எங்கள் பக்கத்துச் சாலை மட்டும். புளியமரங்கள் குறுக்கே கிடந்தன. சின்னசேலத்துக்கு ரயிலேறப் போகிறவர்கள் மூட்டையோடு நடந்தார்கள். அத்தா கடையைப் பாதிக் கதவோடு திறந்து வைத்திருந்தார். பள்ளிக்கூடத்திலும் யார் எந்தப் பக்கம் என்று பையன்கள் ஒருவரையொருவர் அளந்து பார்த்துப் பேசினார்கள். ஃபார்வர்டின் சித்தப்பா மறியலில் முன்னால் நின்றவர். அந்தப் பக்கம் கோஷம் எழுப்பினால் முதல் குரல் அவருடையதாகத்தான் இருக்கும்.

மறியல் முடிந்த அடுத்த வாரமே தேர்வாளர்கள் வருவது உறுதியாயிற்று. மலையிலிருந்து சென்டர் ஒரு பால்காரர் மூலம் சொல்லியனுப்பினான், இனி வரப்போவதில்லை என்று. மாஸ்டர் ஃபார்வர்டைக் கூப்பிட்டு, பழைய இடத்துக்குப் போய்விடு, உன் உயரத்துக்கும் விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கும் என்றார். அவன் தலையை ஆட்டிவிட்டு நேரே கடைக்கு வந்து, "சைக்கிள எடு" என்றான். எங்கே என்றேன். "மலைக்கு. நான் யாருக்குடா பந்து குடுக்கறது?"

விழுந்த மரங்களை அதற்குள் ஓரளவு ஒதுக்கியிருந்தார்கள். சைக்கிளைத் தூக்கியும் தள்ளியும் கோமுகி அணை வரை போனோம். அங்கே தெரிந்த வீட்டில் சைக்கிள்களைப் போட்டுவிட்டு ஏறினோம். மலை அப்போது பச்சையாக, மழை ஈரத்தோடு இருந்தது. சென்டரின் ஊரை அடைந்தபோது அவன் வீட்டில் இல்லை. அவன் அம்மா ஒரு மரத்தடியில் நின்று தழை பொறுக்கிக்கொண்டிருந்தார். அண்ணாந்து பார்த்தால், எட்டாத உயரத்துக் கிளையில் சென்டர். ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தான்.

ஃபார்வர்டு வழக்கம்போலப் பெயரைச் சொல்லிக் கத்த வாயைத் திறந்தான். அந்த அம்மா ஓடிவந்து அவன் வாய்க்கு நேராகக் கையை விரித்தார். பிறகு ஒரு குச்சியை எடுத்து அடிமரத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். மேலே அரிவாள் ஓசை நின்றது. அவன் அரிவாளை இடுப்பில் செருகினான். ஒரு கையால் கிளையைப் பிடித்தான். அதன் பிறகே குனிந்து எங்களைப் பார்த்தான்.

"மரத்துல இருக்கறவன பேரு சொல்லிக் கூப்புடக் கூடாதுப்பா" என்றார் அம்மா, கோபமில்லாமல். "யாரோ என்னமோன்னு திரும்பிப் பாப்பான். கையி உட்டுப் போயிரும்."

அந்த வீட்டில் அது நடக்கப் பழகும்போதே பழகுகிற விஷயம். கால் தரையில் இல்லாதபோது பெயர் காதில் விழுந்தால், எங்கே பிடித்திருக்கிறோமோ அங்கே இறுகிக்கொள்ள வேண்டும். திரும்பக் கூடாது, கையை விடக் கூடாது. இதை அவன் எங்களிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. எல்லார் வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தான்.

கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, தேர்வு வரைக்கும் அனுப்புங்கள் என்று அவன் அப்பாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டு மூவருமாக இறங்கினோம். பாதி வழியில் ஃபார்வர்டு நின்றுவிட்டான். "நாம இன்னாடா பண்ணிக்கினு இருந்தோம்? அவன் மரத்துல இருக்கசொல்ல தெனம் பேர் சொல்லிக் கூப்டுக்கினு இருந்திருக்கோம்." சென்டர் அதைக் கேட்டு, நான் பார்த்த வரையில் முதல் முறையாக, வாய்விட்டுச் சிரித்தான்.

மாஸ்டரிடம் சொன்னபோது அவர் உடனே ஒப்பவில்லை. பேச்சில்லாத அணியை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஃபார்வர்டு வாதாடவில்லை. பந்தை எடுத்துக்கொண்டு கோட்டில் நின்றான். சென்டர் வளையத்துக்கு முதுகு காட்டி நின்றான். ஃபார்வர்டு பந்தைத் தரையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிப் பிடித்து, மேலே எறிந்தான். அந்த ஓசைக்குச் சென்டர் சுழன்றான், எம்பினான், இரண்டு கைகளும் பந்தை வாங்கின. இறக்கவே இல்லை. உயரத்திலேயே வைத்திருந்து உள்ளே போட்டான். மாஸ்டர் பத்துப் பன்னிரண்டு முறை அதையே செய்யச் சொல்லிப் பார்த்தார். பிறகு விசிலை வாயிலிருந்து எடுத்தார். "சரி. நீங்க பேச வேணாம். பந்து பேசட்டும்." அன்றிலிருந்து எங்கள் ஐந்து பேருக்கும் அதுவே பயிற்சி. தான் நம்பிய பாடத்தை ஒரு பையனுக்காக மாற்றிக்கொண்டு, அடுத்த நிமிடமே அதில் எங்களைத் திட்டி வேலை வாங்கினாரே, அந்த ஆசிரியரை இன்றும் நினைத்துச் சந்தோஷப்படுகிறேன்.

மிச்சமிருந்த சிக்கல் ஊர்தான். எதிரணிக்கு அவன் பெயர் தெரியாது. கள்ளக்குறிச்சிக்குத் தெரியும். மைதானத்தைச் சுற்றி நின்று அவன் பெயரைச் சொல்லிக் கூச்சல் போடுவதில் எல்லோருக்கும் ஆனந்தம். ஆட்டத்துக்கு முதல் நாள் மாலை ஃபார்வர்டு என்னையும் கூட்டிக்கொண்டு சித்தப்பாவிடம் போனான். தொண்டை கட்டிப்போய்ச் சுக்குத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டு அண்ணன் மகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒரு வாரமா கத்தறதுக்கு ஆள் சேத்துக்கினு இருந்தேன். இப்ப வாய மூடறதுக்கு ஆள் சேக்கச் சொல்றியா?"

"கத்தட்டும் சித்தப்பா. அவன் பேர மட்டும் சொல்லாம இருந்தா போதும்."

"தம்பி, கூட்டத்தப் பத்தி உனக்குத் தெரியாது. இத மட்டும் சொல்லாதன்னா மொதல்ல அத்தான் சொல்லுவானுங்க. மொத்தமா மூடணும்." கொஞ்சம் யோசித்தார். "அந்த மலப் புள்ள தேறிட்டா உன்ன எடுக்க மாட்டாங்களாமே?"

"மாட்டாங்க" என்றான் ஃபார்வர்டு. "ஒரு எடம்தான்."

தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

மறுநாள் ஆட்டத்துக்கு ஊரே வந்திருந்தது. பத்து நாளாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போனவர்களும் வந்திருந்தார்கள். சித்தப்பா எல்லைக்கோட்டுக்கு வெளியே, துண்டை இடுப்பில் கட்டி, எல்லோரையும் பார்த்தபடி நின்றார். யாராவது வாயைத் திறந்தால் விரலை நீட்டுவார். அப்படியொரு ஆட்டத்தை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. பந்து தரையில் மோதும் ஓசை, செருப்பில்லாத கால்கள் மண்ணை அரைக்கும் ஓசை, நடுவரின் விசில். எதிரணிப் பையன்கள் அந்த அமைதியில் மிரண்டு போனார்கள். தேர்வாளர்களில் மூத்தவர் மாஸ்டர் பக்கம் சாய்ந்து, "இன்னா சார், ஊர்ல நூத்தி நாப்பத்தி நாலு இன்னும் எடுக்கலியா?" என்று கேட்டார்.

நான் பந்தைக் கொண்டுபோய் ஃபார்வர்டிடம் கொடுப்பேன். அவன் ஒரு தட்டு. உள்ளே சென்டர் சுழல்வான். ஒரு தட்டு, ஒரு சுழற்சி, ஒரு எம்பல். இரண்டு பேருக்கும் நடுவில் வேறு எதுவும் தேவைப்படவில்லை. தானே போட்டிருக்கக்கூடிய பந்துகளையும் ஃபார்வர்டு உள்ளே தந்தான். அவன் தியாகம் செய்ததாக நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. கையிலிருந்து போகும் பந்து சரியான இடத்தில் இறங்கும்போது அவன் முகத்தில் வந்த நிறைவை நான் பக்கத்திலிருந்து பார்த்தவன். வடக்கனந்தலில் இப்போதும் மரவள்ளியும் கரும்பும் போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறான். சென்டர் விளையாட்டின் வழியாக ரயில்வேக்குப் போய், வேலை பார்த்து, அண்மையில் விருப்ப ஓய்வு பெற்றான். பொங்கலுக்கு மூவரும் சந்திக்கிறோம். அவர்கள் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து, பேசாமலேயே வெகு நேரம் இருப்பார்கள். நான்தான் தேதிகளைச் சொல்லி அறுப்பேன்.

அன்று ஆட்டம் முடிந்ததும் எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார்கள். தேர்வாளர் பெயரை உரக்கப் படித்தார். அந்த மைதானத்தில் அந்தப் பெயரைப் பல நாள்களாக யாரும் சொல்லியிருக்கவில்லை. சென்டர் ஒரு அடி முன்னால் வந்து, "இருக்கேன் சார்" என்றான். கூட்டம் அப்போதும் மூச்சுக் காட்டவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு அத்தனை பேரும் நின்றார்கள். சித்தப்பா எல்லைக்கோட்டிலிருந்து மெல்ல நடந்து ஃபார்வர்டிடம் வந்தார்.

"தம்பி, இப்ப கத்தலாமா?"

ஃபார்வர்டு திரும்பிச் சென்டரின் கால்களைப் பார்த்தான். இரண்டும் தரையில் இருந்தன. தலையசைத்தான்.