வண்டியில் இருப்பவனிடம் சொல்லாதே

இங்கே குளிர்காலத்தில் காரைக் கட்டிப்போட வேண்டும். முன்பக்கம் பானெட்டுக்குக் கீழே ஒரு ஒயர் தொங்கிக்கொண்டிருக்கும். அதை இழுத்து வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக்கில் செருகி வைத்தால்தான் மறுநாள் காலையில் எஞ்சின் கண்ணைத் திறக்கும். பிளாக் ஹீட்டர் என்று பெயர். கனடாவில் இந்தச் சஸ்கட்டூனுக்கு வந்த முதல் வருடம் இதை வீடியோவில் நைனாவுக்குக் காட்டினேன். எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். பெருநகர் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், லாரியிலேயே ஆயுசைக் கழித்த மனுஷர், போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எருமைய மொளைக்குச்சில கட்ற மாதிரி கட்டி வெச்சிக்கிறியேடா. அத்துக்கினு ஓடிடுமா?" என்றார். அதற்குப் பிறகு குளிர்காலம் வந்தால் எனக்குப் போன் செய்யும்போதெல்லாம், பேத்தி எப்படி இருக்கிறாள் என்பதற்கு முன்னால், "எருமைய கட்டிட்டியா?" என்றுதான் கேட்பார்.

போன டிசம்பர் கடைசியில், நாங்கள் பனிச்சாலையில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தபோது நைனா இறந்துபோனார். அவர் இறந்ததும், அவரை எடுத்ததும், ஊரே தலை முழுகியதும் எனக்குத் தெரியாமலேயே நடந்து முடிந்தன. ஊரில் அத்தனை பேருக்கும் தெரிந்த செய்தி, அவர் பெற்ற பிள்ளைக்கு மட்டும் தெரியவில்லை. யாரோ மறந்துபோய் இப்படி நடக்கவில்லை. எல்லோரும் கூடிப் பேசி, எனக்குச் சொல்லக்கூடாது என்று முடிவு செய்தார்கள். ஏன் என்று புரிய வேண்டுமானால் நைனாவின் ஒரு சட்டத்தைச் சொல்லியாக வேண்டும்.

நைனா உத்திரமேரூரில் நெல் லோடு ஏற்றிக்கொண்டு ஆரணி ரைஸ்மில்லுக்கு ஓட்டுவார். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள், என் சித்தப்பாவைக் கழனியில் பாம்பு கடித்துவிட்டது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. மானாம்பதி கூட்ரோட்டில் டீ குடிக்க வண்டியை நிறுத்திய நைனாவிடம், ஊர்க்காரர் ஒருவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார், "உன் தம்பி பூட்டான்பா" என்று. நைனா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வண்டி ஏறினார். வந்தவாசி பக்கம் போக வேண்டிய வண்டியை ஊர்ப்பக்கம் திருப்பினார். லோடோடு வந்து ஒரு புளியமரத்தில் மோதினார். கால் முறிந்து அவர் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் கிடக்க, இங்கே அவர் தம்பியை எடுத்துவிட்டார்கள். தம்பி முகத்தைக் கடைசியாக ஒருதரம் பார்க்கவில்லை என்கிற ஆத்திரம் அவருக்குக் கடைசிவரை ஆறவில்லை. ஆனால் அந்த ஆத்திரம் தம்பி மேலும் பாம்பு மேலும் போகாமல், டீக்கடையில் சொன்னவர் மேலேயே போயிற்று. "ஸ்டீரிங் புடிக்கிறவன்கிட்ட சாவு சேதி சொல்லலாமா? வூட்டுக்கு வரவெச்சி, சாவிய கையில வாங்கிக்கினு, குந்தவெச்சி, ஒரு சொம்பு தண்ணி குடுத்து, அப்பறம்தான் சொல்லணும்." நாங்கள் இரண்டு பிள்ளைகளும் இதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள். எங்கள் வீட்டில் யார் எங்கே போனாலும் போய்ச் சேர்ந்ததும் ஒரு சேதி சொல்லியாக வேண்டும் என்பதும் அன்றைக்கு வந்த பழக்கம்தான். உத்திரமேரூர் போய் மளிகை வாங்கிக்கொண்டு வந்தாலும் சரி, கனடாவில் பக்கத்து மாகாணம் போய் வந்தாலும் சரி, "வூட்டுக்கு வந்துட்டோம்" என்று நான் நைனாவின் நம்பருக்கு ஒரு மெசேஜ் போட்டாக வேண்டும்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஆல்பர்ட்டா மலைப்பக்கம் போகலாம் என்று என் மனைவி சுமதிதான் திட்டம் போட்டாள். மலைக்குள் போனால் போனில் சிக்னல் கிடையாது. அதுதான் நிம்மதி என்று நினைத்துக்கொண்டோம். ஏரி மொத்தமும் உறைந்து கண்ணாடியாகக் கிடந்தது. அதன்மேல் ஆட்கள் நடந்துபோனார்கள். ஊர்ப்பக்கம் தென்னேரி ஏரியில் தண்ணீர் கரைபுரண்டு நிற்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு ஏரிமேல் கால் வைக்கக் கூசியது. என் மகள் தியா பனியை உருட்டி என்மேல் எறிந்தாள், நானும் எறிந்தேன். நன்றாகச் சிரித்தோம். பிறகு நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாங்கள் அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான், பெருநகரில் நைனா ராத்திரி சாப்பாட்டை முடித்துவிட்டு டிவியில் மழைச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறார். சாய்வதற்குக் கொஞ்சம் முன்னால் அண்ணனிடம், "சின்னவன் வூட்டுக்கு வந்துட்டானாமா? மெசேஜ் கிஸேஜ் வந்துதா?" என்று கேட்டிருக்கிறார். இன்னும் இல்லை என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

திரும்பி வரும் வழியில் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. ரோடு எது, பக்கத்துக் கோதுமை வயல் எது என்று தெரியவில்லை. போலீஸ் வண்டி குறுக்கே நின்று நெடுஞ்சாலையை மூடிவிட்டது. வழியில் ஒரு சின்ன ஊரில் மோட்டல் எடுத்துத் தங்கினோம். அங்கே வைஃபை இருந்தது. அங்கே சாயங்காலம், ஊரில் விடிந்திருக்கும். பனியைக் காட்டலாம் என்று நைனாவின் நம்பருக்கு வீடியோ கால் போட்டேன். எடுத்தது அண்ணன் வரதன். அவன் முகமும் பின்னால் சுவரும் மட்டும்தான் தெரிந்தன. கண் சிவந்திருந்தது.

"நைனா எங்கணா?"

"தூங்கறாரு. ராத்திரி பூரா மழ. தூக்கமே இல்ல."

பின்னால் மேளச்சத்தம் கேட்டது. "அது இன்னா மேளம்?" என்றேன்.

"தெருவுல ஒரு சாவு."

"யாரு?"

"ஒரு பெரியவரு. உனுக்கு சொன்னாத் தெரியாது. நீ எங்க கீற? வண்டி நிறுத்திட்டியா?"

"மோட்டல்ல இருக்கோம். ரோடு மூடிட்டாங்க."

"அப்பிடியே இரு. தொறந்தப்பறமா பொறுமையா போ. அவசரப்படாத. வூட்டுக்குப் போயி மெசேஜ் போடு."

நான் போனைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே காட்டினேன். "பாருணா, கார் பாதி பொதைஞ்சி போச்சி" என்றேன். "ஆமாண்டா" என்றான். அந்தச் சுவருக்கு எதிரே, வாசலில் சாமியானாவுக்குக் கீழே, ஐஸ் பெட்டிக்குள் நைனா இருந்தார். போனைக் கொஞ்சம் திருப்பியிருந்தால் போதும், நான் பார்த்திருப்பேன். அண்ணன் திருப்பவில்லை. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பனியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று மாலையே மழை விட்ட நேரம் பார்த்து எடுத்துவிட்டார்கள். அண்ணன் கொள்ளி வைத்தபோது நான் மோட்டல் கட்டிலில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் ரோடு திறந்தது. உச்சிவேளைக்கு வீடு வந்து சேர்ந்தோம். முதலில் காரை பிளக்கில் மாட்டினேன். பழக்கம் போல, "வூட்டுக்கு வந்துட்டோம். எருமைய கட்டிட்டேன்" என்று நைனாவுக்கு மெசேஜ் போட்டேன். உடனே இரண்டு நீலக்கோடு விழுந்தது. பார்த்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். சுமதி டீ போட்டாள். நான் சோபாவில் சாய்ந்து, இத்தனை நாள் விட்டுப்போன உலக நடப்பையெல்லாம் ஒரேயடியாகப் பிடிக்க உட்கார்ந்தேன். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு, நம் மாவட்டத்தில் கனமழை எச்சரிக்கை, தக்காளி விலை, யாரோ ஒரு கட்சியிலிருந்து இன்னொரு கட்சிக்குத் தாவியது, எல்லாவற்றையும் படித்தேன். கட்சி தாவியவர் மேல் கோபம்கூடப் பட்டேன். ஊர் வாட்ஸப் குழுவைத் திறந்தால் ஒன்றுமே இல்லை. விடிந்தால் குட்மார்னிங் பூவும், ஏரி மதகுப் படமுமாக நிறைந்து வழிகிற குழு அது. மழையில் கரண்ட் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். டீ ஆறுவதற்குள் போன் அடித்தது.

"வூட்டுக்குள்ள வந்துட்டியா?" என்றான் அண்ணன்.

"வந்தாச்சி. அதான் மெசேஜ் போட்டனே."

"சாவி எங்க கீது?"

"மேஜை மேல."

"சுமதி கையில குடு."

சாவியை எடுத்துச் சுமதியிடம் நீட்டினேன்.

"குடுத்துட்டியா? செரி. குந்திக்கினு கீறியா? ஒரு கிளாஸ் தண்ணி குடி."

அவன் அடுத்து என்ன சொன்னான் என்பது எனக்கு நினைவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. தண்ணீரைக் குடித்தேன். நைனா சொன்ன மாதிரியே, ஒன்று விடாமல், அவன் செய்து முடித்தான். அப்புறம்தான் அவன் அழுதான். "சொல்லியிருந்தா நீ இன்னா பண்ணியிருப்ப? வண்டிய எடுத்துக்கினு ஏர்போர்ட்டுக்கு ஓடியிருப்ப. அந்த பனியில. உன்னையும் சேத்து வாரிக் குடுக்க சொல்றியா என்ன?" அவன் கேட்டதில் தப்பே இல்லை. நான் அப்படித்தான் செய்திருப்பேன். எனக்கு அவன்மேல் கோபப்பட வேண்டும் போல இருந்தது, ஆனால் கோபப்பட ஒரு இடமும் அவன் விட்டுவைக்கவில்லை.

வீட்டுக்குள் என்ன செய்வது என்று தெரியாமல் வெளியே போய்ப் பனியை வாரினேன். பக்கத்து வீட்டு கென், வயதான கோதுமை விவசாயி, தன் வாசலை வாரிக்கொண்டே பயணம் எப்படி என்று கேட்டார். 'நல்லா இருந்தது' என்று பழக்கத்தில் வந்துவிட்டது. அப்புறம் சொன்னேன். மண்வெட்டியை ஊன்றி நின்றுவிட்டார். இறுதிச்சடங்கு எப்போது என்றார். முடிந்துவிட்டது என்றேன். உன் அண்ணன் உன்னிடம் மறைத்துவிட்டானா என்றார். மறைக்கவில்லை, எங்கள் வீட்டில் வண்டியில் இருப்பவனிடம் சொல்ல மாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். தலையாட்டினார். குரலைத் தாழ்த்தி, "நிலம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். எதற்கு என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நல்ல மனுஷர். தனக்குத் தெரிந்த ஒரு வக்கீலின் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார்.

கரும காரியத்துக்குத்தான் ஊருக்குப் போக முடிந்தது. பெருநகர் பஸ் நிறுத்தத்தில் கண்ணீர் அஞ்சலி பேனர் மழையில் நனைந்து ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. நைனா வெள்ளைச் சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே, 'கண்ணீருடன் மகன்கள்' என்று போட்டு, வரதன், தணிகாசலம் கனடா என்று அச்சடித்திருந்தார்கள். நான் பனி எறிந்து விளையாடிய பொழுதுக்கும் மோட்டலில் தூங்கிய பொழுதுக்கும் நடுவே எங்கேயோ, என் பெயர் மட்டும் இந்த பஸ் நிறுத்தத்தில் நின்று அழுதிருக்கிறது. வீட்டில் அண்ணன் தன் போனைக் கொடுத்தான். எனக்குத் தெரியக்கூடாது என்று என்னை விட்டுவிட்டு இன்னொரு குழு ஆரம்பித்திருந்தார்கள். அதைத்தான் முதல் மெசேஜிலிருந்து படித்தேன். ஐஸ் பெட்டி உத்திரமேரூரிலிருந்து கிளம்பிவிட்டது. சாமியானாவுக்குச் சொல்லியாச்சு. சுடுகாட்டு வழியில் முழங்கால் தண்ணி, டிராக்டர் வேணும். அண்ணன் போட்டது நடுவில் இருந்தது: 'யாரும் ஸ்டேட்டஸ் வெக்காதீங்க. தம்பி வண்டில கீறான்.' அதற்குக் கீழே ஊரே வரிசையாகக் கும்பிட்டிருந்தது. என் கூடப் படித்தவர்கள், எனக்குப் பெயர் மறந்துபோனவர்கள், ஒருமுறை நைனாவோடு சண்டை போட்டுப் பேச்சுவார்த்தை நின்றுபோனவர்கூட. ஒரு ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நான் வீடு போய்ச் சேரக் காத்திருந்திருக்கிறது. இதற்கு நன்றி சொல்வதா, என் நைனா முகத்தைக் காட்டாமல் விட்டீர்களே என்று கேட்பதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. யாரிடம் கேட்பது?

மறுபடி சஸ்கட்டூனுக்கு வந்துவிட்டேன். இங்கே இன்னும் பனி போகவில்லை. இப்போது அண்ணன் போன் செய்தால் முதல் கேள்வி ஒன்றுதான்: "எங்க கீற? வண்டியிலயா?" அவனுக்கு நிஜமாகவே அக்கறை. இல்லை, வீட்டில்தான் என்று சொன்னால் சாவி எங்கே என்று கேட்டுவிடுவானோ என்று எனக்குப் பயம். போன வாரம், ஊரில் நேரங்கெட்ட நேரத்தில் அவன் நம்பர் வந்தது. நான் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே கார் சுவரோடு கட்டிப் போட்டபடி நின்றது.

"எங்க கீற? வண்டியிலயா?"

"ஆமாணா. வண்டியில."

"செரி செரி, ஒண்ணுமில்ல. பாத்து ஓட்டு. வூட்டுக்குப் போயி மெசேஜ் போடு."

போனை வைத்துவிட்டான். நான் எழுந்துபோய் மேஜை மேலிருந்த கார் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சுமதி எங்கே கிளம்புகிறாய் என்று கேட்டாள். மெசேஜ் இன்னும் போடவில்லை.