மஞ்சள் குக்கரை ஏலமெடுத்த நூர்ஜான்

ஏலம் தொடங்கப்போகிறதென்றால் நூர்ஜான் முதலில் கை வளையல்களைக் கழற்றி டீ டம்ளருக்குள் போட்டுவிடுவார். போன் திரையில் எதுவும் தவறிப் பட்டுவிடக் கூடாது. ஒருமுறை அப்படிப் பட்டுத்தான் யாருக்கும் பிடிக்காத ஊதா நிறக் காளான் படம் ஒன்று தலையில் விழுந்தது. அதையும் தூக்கிப் போடவில்லை, சட்டமிட்டு மாட்டிவிட்டார்.

திருப்பூர் மங்கலம் ரோட்டில் பனியனுக்கு, ஸ்கிரீன் எனும் வலைச்சட்டத்தின் வழியே மை இழுத்துப் படம் அச்சடிக்கும் யூனிட் அவருடையது. ஆர்டர் பேச மும்பைக்குப் போன இடத்தில், ஒரு அலுவலகச் சுவரில் பளீரென்ற நிறத்தில் ஐஸ்கிரீம் படம் ஒன்றைப் பார்த்தார். "கிட்டப் போயிப் பாத்தா நம்ம வேலைதானுங்க! அதே ஸ்கிரீன், அதே இழுப்பு. துணிக்குப் பதிலா காயிதம். கீழ பென்சில்ல கையெழுத்து வேற" என்று இன்றைக்கும் கண்ணை விரித்துச் சொல்வார். அன்றாடச் சாமான்களைப் படமாக்கும் இந்தப் பாப் ஆர்ட்டின் பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டார். ஊர் திரும்பியவர் நகைச்சீட்டை நிறுத்திவிட்டு ஏலங்களைத் தேட ஆரம்பித்தார்.

கணவர் நஜீமுதீன் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: தொழுகிற வீட்டில் உருவப்படம் கூடாது. அதனால் செருப்பும் குடையும் ஐஸ்கிரீமும் வீட்டில் இருக்கின்றன. சட்டத்துக்குள் இருக்கும் நீல முடிக்காரி ஒருத்தி மட்டும் யூனிட் அலுவலகத்தில், மை டப்பாக்களுக்கு எதிரே வீற்றிருக்கிறாள். "நம்ம லோடுமேனெல்லாம் அவளுக்கு வணக்கம் வெச்சுட்டுத்தான் உள்ள வர்றாங்க" என்பார் நூர்ஜான்.

போன வருடம் ஏலத்துக்கு வந்தது அந்தக் குக்கர். சிவப்புப் பின்னணியில் மஞ்சள் பிரஷர் குக்கர், விசிலிலிருந்து சீறும் நீல ஆவி. பரோடா ஓவியர் ஒருவர் நாற்பது பிரதி மட்டும் அச்சடித்துவிட்டு ஸ்கிரீனைக் கிழித்துப்போட்டுவிட்டார். "ரிப்பீட் ஆர்டரே கெடையாதுங்க" என்று சொல்லும்போது நூர்ஜானுக்குக் குரலே மாறிவிடும்.

அன்று போனில் ஏலக்காரரின் குரல் கேட்கவில்லையென்று, மை காயவைக்கும் டிரையரை நிறுத்தச் சொன்னார். யூனிட்டே கைவேலையை விட்டுவிட்டு அவரைச் சுற்றி நின்றது. மேசையில் துணி விரிக்கும் உசிலம்பட்டிக்காரி ஒச்சம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, ஒரு குக்கருக்கா இம்புட்டுக் கூத்து?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. ஏலத்தில் போட்டிக்குக் கேட்ட ஆள் விடுவதாக இல்லை. நூர்ஜான் ஏற்ற ஏற்ற அவரும் ஏற்றினார். வீட்டில் பேசி வைத்திருந்த எல்லை தாண்டியதும் நூர்ஜானின் விரல் நின்றுவிட்டது. பக்கத்தில் நின்ற கணவரைப் பார்த்தார்.

இத்தனை வருடமும் "காயிதத்துக்கா இவ்வளவு?" என்று முனகியே வந்த நஜீமுதீன், தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்: "இத்தன தூரம் வந்துபோட்டு என்ன யோசன? உட்டறாத நூரு."

நூர்ஜான் மறுபடி ஏற்றினார். குக்கர் அவருக்கென்று சுத்தியல் விழுந்தது. ஒச்சம்மாள் நாக்கை மடித்து அடித்த விசிலில் பக்கத்து யூனிட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது.

விஷயம் பரவி, கோவையில் ஒரு கலைக்கூடத்திலிருந்து சித்ராதேவி என்பவர் வந்தார். கண்காட்சிக்குக் குக்கரைக் கேட்டார். நூர்ஜான் சந்தோஷமாகச் சம்மதித்தார். படத்துக்குப் பக்கத்தில் 'தனியார் சேகரிப்பு' என்று எழுதுவதாக அவர் சொன்னபோதுதான் நூர்ஜானின் முகம் மாறியது.

"ஏனுங்க, பேரு போட மாட்டீங்களா?"

"பொதுவா யாரும் விரும்பறதில்லைங்க. பாதுகாப்புக்காக…"

"நான் என்ன திருடியா வெச்சிருக்கறேன்? இத்தன வருசமா நாங்க அடிக்கற பனியனுக்கெல்லாம் கழுத்து லேபிள்ல அடுத்தவன் பேருதானுங்க. எந்த நாட்டுல யாரு போட்டுட்டுப் போறாங்கன்னுகூடத் தெரியாது. இதுலயாவது என்ற பேரப் போடுங்க. ஊரு பேரையும் சேத்துப் போடுங்க."

சித்ராதேவி இரண்டு பேரையும் குறித்துக்கொண்டு, "அப்படியே போட்டுடலாங்க" என்றார்.

கண்காட்சியின் முதல் ஞாயிற்றுக்கிழமை, துணிமூட்டை ஏற்றும் வேனில் யூனிட் மொத்தமும் கோவைக்குப் போனது. ஒச்சம்மாள் பட்டுப்புடவையில் வந்தாள். வெள்ளைச் சுவரில் தனியாக, விளக்கு வெளிச்சத்தில், குக்கர் சீறிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் நின்று நின்று படம் பிடித்தார்கள். நஜீமுதீன் முன்பின் தெரியாத ஒருவரிடம், "நாப்பதுதானுங்க, உலகத்துக்கே" என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

நூர்ஜான் படத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் இருந்த சிறிய அட்டைக்கு அருகில் போனார். 'சேகரிப்பு: நூர்ஜான், திருப்பூர்'. அட்டையின் ஒரு மூலை லேசாகப் பெயர்ந்து நின்றது. சுற்றும்முற்றும் பார்க்காமல், கட்டைவிரலை அதன்மேல் வைத்து, நன்றாக ஒட்டும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.