ஜீனுக்கு மேல் ஒரு சுழி

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பேரை வளர்த்தேன்; அதில் ஒன்று நான் பெறாதது, கொழுந்தன் விட்டுப்போன பிள்ளை. இந்த வயதில் என்னைச் சோனோகிராபி அறைக்கு வெளியே பிள்ளைத்தாய்ச்சிகள் நடுவில் உட்கார வைத்தார்கள். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லமாட்டோம் என்று சுவரில் பலகை. பக்கத்திலிருந்த மராட்டிப் பெண், மருமகள் எங்கே என்று கேட்டாள். மருமகளுக்கு இல்லை, எனக்குத்தான், ஈரலில் புற்று என்றேன். சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

உள்ளே டாக்டர் என் மகன் காதரின் முகத்தைப் பார்த்தே பேசினார். புதுச் சிகிச்சையாம், இன்னும் சோதனையில்தான் இருக்கிறதாம். நரம்பு வழியாகக் கண்ணுக்குத் தெரியாத புல்புலாக்களை, அதாவது குமிழிகளை, ஏற்றுவார்களாம். அவற்றோடு ஜின்னையும் அனுப்புவார்களாம். என் காதில் அப்படித்தான் விழுந்தது. ஊசியில் பொட்டுக் காற்று இருந்தாலே நர்ஸ் தட்டி வெளியேற்றுவாள். இவர் வேண்டுமென்றே குமிழி ஏற்றுகிறார், கூடவே ஆளைப் பிடித்தாட்டும் ஒரு ஜின்னையும். ஜின் உள்ளே போனால் பிறகு எப்படி வெளியே வரும் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன்.

டாக்டர் சிரித்தார். அவர் அந்நியர், போகட்டும். காதரும் சிரித்தான். "உம்மா அன்பட் ஹை, சார். ஆப் முஜே போலோ" என்றான். உம்மா எழுத்தறியாதவள், என்னிடம் சொல்லுங்கள் என்று அர்த்தம்.

ஊரில் இருப்பவர்களே, நான் மேலப்பாளையத்தில் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். பத்தொன்பது வயதில் தாராவிக்கு வந்தேன். எங்கள் சந்துக்கு வெளியே தமிழ் செல்லாது. குழாயடியில் சண்டை போட்டுத்தான் இந்தி பிடித்தேன். அந்த இந்தியில்தான் ஹெட்மாஸ்டர் முன்னால் நின்று வாதாடி, இதே காதரைப் பள்ளியில் சேர்த்தேன். இன்று அதே இந்தியில் என்னை அன்பட் என்கிறான். ஊரிலும் டாக்டர்கள் ஆண்களைப் பார்த்துத்தான் பேசுவார்கள், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அங்கே பேச்சு தமிழில், எனக்குப் புரியாமல் பேசிவிட முடியாது.

"ஈரலு ஒனக்குள்ளயால இருக்கு?" என்று காதரைக் கேட்டேன். "எனக்குள்ள இருக்கு. என்ட்ட சொல்லச் சொல்லு."

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. என் குரல் புரிந்திருக்க வேண்டும். நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டார். ஜின் இல்லை அம்மா, ஜீன் என்றார். உடம்புக்குள் போகிற ஒரு செய்தி அது. குமிழிகள் ரத்தத்தோடு ஈரலுக்குப் போய்ச் சேரும்போது, மேலே வைத்த சோனோகிராபி மெஷின் நம் காதுக்கு எட்டாத சத்தத்தை அனுப்புமாம். அந்தச் சத்தத்தில் குமிழி துடித்து உடையும். புற்றின் தோல் கொஞ்சம் திறக்கும். செய்தி உள்ளே நுழையும். இத்தனை காலம் ரத்தத்தில் இருக்கும் காவல் அந்தப் புற்றை நம் ஆள் என்று விட்டுவைத்திருந்தது. இனி அடையாளம் கண்டு அடிக்கும் என்பது அவர்கள் எண்ணம். பலிக்குமா என்று கேட்டேன். "மாலூம் நஹி" என்றார். தெரியாது என்று ஒளிக்காமல் சொன்னதற்காக அவர் சிரித்ததை விட்டுவிட்டேன். காதரை இன்னும் விடவில்லை.

சம்மதத் தாள் இந்தியில், மராட்டியில், இங்கிலீஷில் இருந்தது. தமிழில் இல்லை. கைநாட்டு வைக்கச் சொல்லி காதர் மை டப்பாவை என் பக்கம் நகர்த்தினான். தள்ளிவிட்டேன். தமிழில் கொண்டுவாருங்கள், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். தாள் வந்தாலும் வராவிட்டாலும் என் பதில் நான் எழுதும் இந்தக் கடிதத்தில் இருக்கிறது: எனக்குச் சம்மதம். இதைச் சொன்னது நான், காதர் இல்லை.

ஒரு எழுத்தில்தான் கை தயங்கியது. மேலே சுழி போட்டால் ஜீன், விட்டால் ஜின். பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறேன்.

நஸ்ரின், என் மகள் வயிற்றுப் பேத்தியே, ஊருக்கு அனுப்புமுன் வந்து இதை எனக்கு வாசித்துக் காட்டு. உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும், தெரியும். திக்கினால் இந்திக்கு ஓடிவிடாதே. சுழியைப் பார்த்து வாசி.