திங்கட்கிழமைக் கோப்பு

நாரின் என்ற மலையூரில் கணினி முரண்டு பிடித்தால் பெகிமாயைத்தான் கூப்பிடுவார்கள். ஐம்பது வயது, கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். அவள் வேலை பார்த்த தந்தி அலுவலகத்தை மூடியபோது மற்றவர்கள் அழுதார்கள். இவள் ஒரு திருப்புளியோடு வந்து சந்தை ஓரத்தில் பழுதுபார்க்கும் கடை போட்டாள். தெரியாது என்று அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை. தெரியாததை வீட்டுக்குப் போய்த் தெரிந்துகொண்டு வந்துவிடுவாள்.

அந்தப் புதன்கிழமை காலை ஏரிக் கண்காணிப்பு நிலையத்துக்குள் அவள் நுழைந்தபோது, அதிகாரி எர்மெக் பணிநீக்கக் கடிதத்தை எழுதி முடித்திருந்தார். எதிரே செத்த முகத்தோடு சபீர்பெக். நீர்மட்டத்தைப் பதியும் கணினி அவன் பொறுப்பு. முதல் நாள்தான் ஏரி பொங்கிக் கீழே இருந்த பாலத்தை அடித்துக்கொண்டு போயிருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமையின் பதிவைக் காணோம்.

“மெஷினை அணைச்சுட்டுப் போயிருக்கான் அக்கா,” என்றார் எர்மெக்.

“அணைக்கவே இல்லைக்கா! புள்ளைங்க மேல சத்தியம்.”

“சத்தியமெல்லாம் எனக்கு வேணாம்,” என்றாள் பெகிமாய். “முதல்ல டீ ஊத்து. தினம் காலையில என்ன பண்ணுவே, அதைச் சொல்லு.”

“ஓடிட்டிருக்கிற கோப்புக்கு முந்தின நாள் பேரை வைப்பேன். பழைய விண்டோஸ்ல பதிவை நிறுத்தாம பேரை மாத்த விடாது. நிறுத்தி, மாத்தி, மறுபடி ஓட்டுவேன், புதுக் கோப்பு தொடங்கும். திங்கக்கிழமை அதுக்குப் பதிலா இந்த லினக்ஸ் வந்துச்சு. நேத்து நிறுத்தாமலே மாத்திப் பாத்தேன். சமத்தா மாத்திக்கிச்சு.”

பெகிமாய் சிரித்துவிட்டாள்.

“சமத்துதான். தடுக்காது. ஆனா உள்ளே பதிவை எழுதுற புரோகிராம் இருக்கே, அவன் கையில இருக்கிற நோட்டைப் புடுங்கவும் செய்யாது. அட்டையில நீ என்ன பேரை எழுதினாலும் அவன் அதே நோட்டுலதான் எழுதுவான். திங்கக்கிழமைக் கோப்பைப் பாத்தீங்களா?”

“அதை எதுக்கு? நேத்துக் காலையிலேயே தலைமை அலுவலகத்துக்கு நகல் அனுப்பியாச்சே,” என்றார் எர்மெக்.

அவள் அதைத் திறந்து அடிவரைக்கும் இறக்கினாள். திங்கட்கிழமை முடிந்த இடத்துக்குக் கீழே செவ்வாய்க்கிழமை முழுசாக இருந்தது, மணிக்கு மணி ஏறிய தண்ணீரோடு. கடைசி வரியில் இன்றைய தேதி, 9:42. சுவர்க் கடிகாரத்திலும் அதேதான். மூவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு வரி விழுந்தது: 9:43.

சபீர்பெக் தரையிலேயே உட்கார்ந்து அழுதான். எர்மெக் சத்தம் காட்டாமல் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைக்கப் போனார்.

“மடிச்சு வைக்காதே தம்பி,” என்றாள் பெகிமாய். “கிழி. அவன் கண்ணு முன்னாடி.”