மரத்த நாக்கு

மீனின் மேல் இரண்டாவது எலுமிச்சை மூடியையும் பிழிந்தாள். வாணலியில் இருந்த வெண்ணெய்ச் சாற்றை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். இன்னும் சப்பென்றுதான் இருந்தது. மூன்றாவது மூடியை எடுத்தாள்.

“போதும்மா, மீன் மறுபடி நீந்தப் போகுது,” என்றான் கணவன். ஒயின் கொட்டகையில் வேலை பார்த்தும் டீயைத் தவிர எதையும் வாயில் வைக்காத மனிதன்.

“டீ குடிக்கிற நாக்குக்கு என்ன தெரியும்? தட்டை எடுங்க.”

அடுத்த அறையில் அவள் அண்ணன் ஒயின் வாங்க வந்திருந்த ஹோட்டல்காரம்மாவுக்காகக் கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தார். கொட்டகை அண்ணனுடையது. அங்கே பாட்டில் கழுவ வந்தவள்தான் அவள். எதையும் மோந்து பார்த்துவிட்டே தொடுவாள் என்பதால் மூக்கி என்று பெயர் விழுந்தது. பிறகு எந்த ஒயினோடு எதைச் சேர்ப்பது என்பதில் மூக்கி சொன்னதே தீர்ப்பாயிற்று. இந்த வருஷம் அண்ணனுக்கு மருமகன் வந்திருக்கிறான், ஒயின் படிப்புப் படித்தவன். பெரிய தொட்டியின் இனிப்பில்லாத வெள்ளை ஒயினில் புளிப்புத் திராட்சையைத் தூக்கலாக வைத்திருந்தாள் மூக்கி. அவன் அதைக் குறைத்து, இன்னொரு திராட்சையோடு பாதிக்குப் பாதி கலந்து, ஒரு ஜாடியில் வைத்திருந்தான். இன்று ஹோட்டல்காரம்மா எதற்குத் தலையாட்டுகிறாரோ அதுதான் நாளை பாட்டிலில் இறங்கும்.

“யார் நாக்கை நம்பலாம்னு இன்னைக்குத் தெரிஞ்சிடும்,” என்று அண்ணன் காலையில் சொன்னார். சிரிக்காமல் சொன்னார்.

அதிலிருந்து அவள் தொட்டி ஒயினை வாயில் வைப்பதும் துப்புவதுமாகவே இருந்தாள். கடைசி நேரத்தில் எதுவும் பிசகக் கூடாது.

ஹோட்டல்காரம்மா முதலில் மீன் இல்லாமல் தொட்டி ஒயினை மட்டும் உறிஞ்சினார். “சுருக்குன்னு இருக்கு. பச்சை ஆப்பிளைக் கடிச்ச மாதிரி.”

மூக்கிக்கு மூச்சு வந்தது.

அப்புறம் மீன். ஒரு விள்ளல், ஒரு மிடறு. அந்தம்மாவின் புருவம் நெரிந்தது. இன்னொரு மிடறு.

“என்னங்க இது, மீனோட சேர்ந்ததும் ஆளையே காணோம். வெறும் தண்ணியாட்டம் இருக்கு.”

“மீன் கொஞ்சம் புளிப்போ?” என்றார் அண்ணன்.

“இருந்தா என்ன? எங்க கடையில மீன் கேக்கிறவங்க எலுமிச்சை பிழியாமலா சாப்பிடுறாங்க? அதைத் தாங்கலேன்னா நான் வாங்கி என்ன பண்ண?”

மூக்கி ஒரு துண்டு ரொட்டியை மென்றாள். தண்ணீர் குடித்தாள். பிறகு மீனை வாயில் வைத்தாள். பல் கூசிற்று. கண் தானாகச் சுருங்கியது. காலை முழுக்கப் புளிப்பில் ஊறிய நாக்கு அடுப்படியில் புளிப்பையே உணரவில்லை. அந்த நாக்கை நம்பி மூன்று மூடி பிழிந்திருக்கிறாள். இத்தனை புளிப்புக்குப் பக்கத்தில் எந்த ஒயினும் சோர்ந்துதான் விழும்.

“என் மருமகன் கலந்தது ஒண்ணு இருக்கு,” என்று அண்ணன் எழுந்தார். “அதையும் ஒரு வாய் பாருங்க.”

புளிப்புக் குறைந்த அந்த ஒயின் இந்த மீன் முன்னால் இன்னும் மோசமாகச் செத்துப்போகும். அது அவளுக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். அவன் அவளைவிடப் பெரிதாகத் தோற்பான், அவள் நாக்கின் மேல் பழி வராது. ஆனால் அந்தம்மா எதையும் வாங்காமல் வண்டியேறிவிடுவார். தொட்டி மொத்தமும் வினிகர்க்காரனுக்குப் போகும்.

அண்ணன் ஜாடியின் மூடியைத் திருகினார்.

“அண்ணே, ஊத்தாதீங்க.”

“ஏன், பயமா?”

“மீனைக் கெடுத்தது நான். காலையிலேர்ந்து ஒயினை வாயில வெச்சு வெச்சு நாக்கு மரத்துப்போச்சு. தெரியாம பிழிஞ்சு தள்ளிட்டேன்.”

அண்ணன் அவளையே பார்த்தார். “அப்ப தொட்டியில கலந்தது?”

“அது தெளிஞ்ச நாக்குல பார்த்ததுண்ணே.” உண்மைதான். அவள் காதுக்கே சாக்குப்போல் கேட்டது.

ஹோட்டல்காரம்மா கைப்பையை மடியில் எடுத்து வைத்தார். “இன்னொரு மீன் பொரியிற வரைக்கும் இருக்கேன். அதுக்கு மேல ஆகாது.”

அடுப்படியில் எலுமிச்சை மூடி கையில் வழுக்கியது. “நீங்க சொல்லுங்க,” என்றாள் கணவனிடம்.

“நானா? எனக்கு ஒயினும் வெந்நீரும் ஒண்ணு.”

“அதனாலதான் கேக்கிறேன்.”

அவன் சாற்றில் விரலைத் தோய்த்தான். பாதி மூடி பிழிவதற்குள், “நிறுத்து” என்றான். நிறுத்தினாள். சுவைத்துப் பார்க்கவில்லை. தட்டை அவனே கொண்டுபோனான்.

ஹோட்டல்காரம்மா சாப்பிட்டார், குடித்தார், மறுபடி சாப்பிட்டார். அண்ணன் ஜாடியிலிருந்து கையை எடுக்கவில்லை. முள் மட்டும் மிஞ்சியபோது அந்தம்மா கிளாஸை நீட்டினார்.

“இன்னும் கொஞ்சம் ஊத்துங்க. இப்பதான் ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தூக்கி விடுது. தொட்டியை எனக்கே வெச்சிருங்க.” மூக்கியின் பக்கம் திரும்பினார். “ஆனா சமையலை மட்டும் வீட்டுக்காரர்கிட்ட விட்டுரும்மா.”

கணவன் சிரித்தான். அண்ணன் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை பாட்டில் அடைக்கும் இயந்திரம் வந்தது. பெரிய தொட்டியின் ஒயின் அவள் கலந்தபடியே இறங்கியது. எப்போதும் அவளிடம் வரும் முதல் பாட்டிலை இந்த முறை மருமகன் திறந்து, சுவைத்து, சரி என்றான். அதன் பிறகு அண்ணன் அவளிடம் கிளாஸைக் கொடுத்தார். அவளும் சரி என்றாள். மதியம் வரை எல்லோரும் லேபிள் ஒட்டினார்கள். பசை தீர்ந்துவிட்டதால் கொஞ்சம் பாட்டில்கள் மிச்சமாயின.